மாமியாரின் தோடும் லெபெதினோவ்கா வீடும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஜோடித் தோட்டிலிருந்து கிடைத்தது. நேற்று, சனிக்கிழமை, மருந்துக்கடை வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறேன். வாசலில் என் நாத்தனார் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள். அவள் காதில் என் மாமியாரின் வெள்ளித் தோடு. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து மாமியாரின் காதைவிட்டு இறங்காத தோடு அது. நாத்தனார் என் கன்னத்தைக் கிள்ளி, "கள்ளி, கமுக்கமா காரியத்தை முடிச்சுட்டியே!" என்றாள். நான் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

ஏன் நின்றேன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. நாளைக் காலை நானும் என் புருஷன் சிர்காக்கும் நோட்டரி முன்னால் உட்கார்ந்து எங்கள் முதல் வீட்டை வாங்கவேண்டும். வாங்குவோமா என்பது எனக்கே தெரியாது. முடிவு தெரியாமல் கதையைத் தொடங்கக்கூடாது என்பார்கள். முடிவு தெரிந்த மகராசிகள் அப்படியே எழுதட்டும். நான் இப்படித்தான் எழுதப்போகிறேன்.

2

முதல் தொடக்கம் இது:

"தெற்கு ஜன்னலில் பனிமலை தெரிந்தது. அவள் தன் புது வீட்டின் நடுவே நின்று..."

நின்று என்ன செய்தாள் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, தோளுக்குப் பின்னாலிருந்து சிர்காக் எட்டிப் பார்த்தான்.

"எந்த வீடு இது?"

"நம்ம வீடுதான். லெபெதினோவ்கா வீடு."

"அங்க தெற்குச் சுவத்துல ஜன்னலே கிடையாதே. பக்கத்து வீட்டுக்காரன் கோழிக்கூண்டு இல்ல ஒட்டிக்கிட்டு நிக்குது?"

"கதையில ஜன்னல் இருந்துட்டுப் போகட்டுமே."

"ஜிபார்," என்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். "கதையில ஜன்னல் வைக்கிறது சுலபம். சுவத்தை இடிச்சு வைக்கப்போறவன் நான்."

அவன் ஜன்னல் பொருத்துகிற வேலை பார்ப்பவன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஜன்னல் சட்டத்தில் விரலை ஓட்டிப் பார்ப்பான். துக்கம் கேட்கப் போன வீட்டிலும் அதைச் செய்து என் மானத்தை வாங்கியிருக்கிறான். பனிமலைத் தொடக்கத்தை அடித்துவிட்டேன்.

3

இரண்டாவது தொடக்கம் கொஞ்சம் கட்டுரை மாதிரி இருக்கும்.

எங்கள் தலைநகரான பிஷ்கெக்கில் வீடு தேடுகிறவர்கள் முதலில் காற்றைத் தேடவேண்டும். (இந்த வரி எனக்குப் பிடித்திருக்கிறது. இருக்கட்டும்.) வடக்கே, பஜாரைத் தாண்டிப் போனால் விலை மலிவு, ஆனால் குளிர்காலத்து நிலக்கரிப் புகையில் துவைத்துக் காயப்போட்ட துணி போட்டதைவிடக் கறுப்பாக உள்ளே வரும். தெற்கே மலையடிவாரத்துக்குப் போனால் காற்று தேன் மாதிரி. விலையைக் கேட்டால் அந்தக் காற்றே நின்றுபோகும். மேற்கே ஆர்ச்சா-பெஷிக், புகைக்கு அங்கேயும் குறைவில்லை, அங்கேதான் என் மாமியார் வீடு, அதாவது நாங்கள் இப்போது இருக்கும் வீடு. மிச்சமிருப்பது கிழக்கு.

ஒவ்வொரு ஞாயிறும் தரகர் வெனேரா அக்காவோடு சுற்றினோம். நானும் சிர்காக்கும் எதிலும் ஒத்துப்போகவில்லை. அவனுக்கு அம்மா வீட்டிலிருந்து வண்டி மாறாமல் ஒரே ஷேர் வேனில் போய்ச் சேரும் தூரம் வேண்டும். எனக்கு ஒரே வேனில் யாரும் வந்து சேரமுடியாத தூரம் வேண்டும். நடுத்தெருவில் நின்று இருவரும் கத்திக்கொள்வோம். வெனேரா அக்கா சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டே, "முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க, நான் கார்ல இருக்கேன்" என்பாள்.

எந்த வீட்டுக்குப் போனாலும், பிடிக்கவில்லை என்று திரும்பினாலும், வாசலில் ரொட்டியை நீட்டுவார்கள். ஒரு விள்ளலாவது வாயில் போடாமல் இறங்கக்கூடாது. அந்த ஞாயிறுகளில் நாங்கள் தின்ற ரொட்டியைச் சேர்த்தால் ஒரு கல்யாணத்துக்குப் பந்தி போடலாம். ஈரம் ஊறிய சுவர், பத்திரம் இல்லாத மனை, மாடியே கட்டாமல் மாடிக்குப் படி கட்டிய வீடு, எல்லாம் பார்த்தாயிற்று.

கிழக்கே லெபெதினோவ்காவில் பார்த்த வீடு பழசு. தகரக் கூரை, நீலத்தில் பெயின்ட் அடித்த ஜன்னல் கதவுகள், பின்னால் ஆப்பிள் மரங்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர் தன் மகளோடு இருக்க ரஷ்யாவுக்குப் போகிறார். சிர்காக் ஜன்னலில் விரலை ஓட்டி, "எல்லாத்தையும் மாத்தணும்" என்றான். அவன் முகத்தைப் பார்த்தேன், பல் தெரிந்தது. அவனுக்குப் பிடித்துவிட்டது.

எனக்கு அந்த வீடு ஏன் பிடித்தது என்றால்

(இல்லை, இதை இப்போது சொல்லமாட்டேன். சொன்னால் என்னைச் சுயநலக்காரி என்பீர்கள். கொஞ்சம் பழகிய பிறகு சொல்கிறேன்.)

4

ஒரு சிக்கல். என் மாமியாருக்கு இந்தக் கதையில் பெயர் கிடையாது.

மறந்துபோய் விட்டதல்ல. புருஷன் வீட்டுப் பெரியவர்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது, எங்கள் வழக்கம். வாயால் கூடாது சரி, எழுதலாமா? யாரையாவது கேட்கலாம் என்றால், கேட்கவேண்டிய ஆள் மாமியார்தான். நாத்தனாரும் மூத்தவள், அவள் பெயரும் கூடாது. அதனால் வந்த புதிதில் நானே அவளுக்கு ஒரு பெயர் வைத்தேன்: வேகக்காரி. எங்கே எது நடந்தாலும் முதல் ஆளாய் அங்கே நிற்பாள். அந்தப் பெயர் அவளுக்கும் பெருமை.

பெயர் இல்லாத பாத்திரத்தை எழுதுவது லேசில்லை. எழுத எழுத மாமியார் என்ற சொல்லுக்குள்ளே ஒரு கொடுமைக்காரி தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறாள். என் மாமியார் அப்படியில்லை. மின்கம்பியில் ஓடுகிற ட்ராலிபஸ்ஸை ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமனார் போன பிறகு ஒற்றை ஆளாய்ப் பிள்ளைகளைக் கரையேற்றியவர். எனக்குக் காய்ச்சல் வந்தால் ஆட்டு வால் கொழுப்பை உருக்கி நெஞ்சில் தேய்த்துவிட்டு, "செத்துகித்துப் போயிடாத, டீ ஊத்த ஆளில்ல" என்பார். பாசத்தை அப்படித்தான் சொல்லத் தெரியும் அவருக்கு.

ஆனால் டீ ஊற்றுவது நான்தான். அதையும் எழுதவேண்டும். விருந்தாளி வந்தால் கடைசி ஆள் எழும்வரை பாதிக் கோப்பை, பாதிக் கோப்பையாக ஊற்றவேண்டும். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். எழுதுகிற நோட்டை எடுத்தால், "என்ன எழுதற, மளிகைச் சாமானா?" என்று கேட்பார். ஆறு வருஷமாக மளிகைச் சாமான் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

5

இனி முக்கியமான விஷயம். சிர்காக் கடைக்குட்டி.

எங்கள் பக்கம் மூத்த பிள்ளைகள் கல்யாணம் முடிந்ததும் தனியே போய்விடுவார்கள். கடைசிப் பையன் போகமாட்டான். பெற்றவர்களோடு இருப்பான், வீடு அவனுக்கு, அவர்களின் கடைசிக் காலமும் அவன் பொறுப்பு. கடைக்குட்டிக்கு வாழ்க்கைப்படுகிறவள் இது தெரிந்துதான் வருகிறாள். எனக்கும் தெரியும். தெரிந்தே வந்தேன். வந்த பிறகு முடியவில்லை. அவ்வளவுதான், இதற்குப் பெரிய விளக்கமெல்லாம் இல்லை.

சிர்காக் ஒப்புக்கொள்ள இரண்டு வருஷம் ஆனது. ஒப்புக்கொண்டவன், "அம்மாகிட்ட நான் சொல்றேன், நீ வாயைத் திறக்காத" என்றான். நோன்பு முடியட்டும் என்றான். உருளைக்கிழங்கு அறுவடை முடியட்டும் என்றான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுச் சொந்தக்காரரிடம் கைகொடுத்து முன்பணமும் தந்துவிட்டோம். அப்போதும் அவன் சொல்லவில்லை.

6

இப்போது எழுதப்போகும் காட்சியில் நான் இல்லை. வேகக்காரி ஒரு மாதிரி சொன்னாள், மாமியார் வேறு மாதிரி சொன்னார். இரண்டையும் கலந்து எழுதுகிறேன். முதலில் சுயுன்ச்சு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் தோடு புரியாது. நல்ல சேதியை முதலில் கொண்டுவருகிறவர் வாசலிலேயே "சுயுன்ச்சு!" என்று கத்துவார். கேட்டவர் கையில் கிடைத்ததைப் பரிசாகக் கொடுத்தே தீரவேண்டும். பரிசு கைமாறிய பிறகு அது நல்ல சேதிதான். அதை மாற்றிப் பேச யாருக்கும் நாக்கு வராது.

வெனேரா அக்காவும் வேகக்காரியும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். இது எனக்குத் தெரியாமல் போனது. சனிக்கிழமை காலை வெனேரா அக்கா போனில் வாழ்த்துச் சொல்லியிருக்கிறாள். வேகக்காரி போனை வைக்கவில்லை, டாக்சியில் ஏறிவிட்டாள்.

"சுயுன்ச்சு! அம்மா, சுயுன்ச்சு!"

"யாருடி, யாருக்குப் பிள்ளை பொறந்திருக்கு?"

"பிள்ளை இல்லம்மா, வீடு! சின்னவன் வீடு வாங்கிட்டான்! லெபெதினோவ்கால, ஆப்பிள் தோட்டத்தோட!"

"சின்னவனா? என்கிட்ட மூச்சு விடலியே?"

"உன்னை அங்க கூட்டிட்டுப் போய் நிறுத்திட்டுச் சொல்லலாம்னு இருந்திருப்பான். உனக்குத்தான் இந்தப் புகை ஆகமாட்டேங்குதே!"

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டாராம். பிறகு தோட்டைக் கழற்றினாராம்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். கடைக்குட்டி வீடு வாங்கினான் என்றால், அம்மாவும் அங்கே போகிறாள் என்றுதான் எங்களில் யாரும் நினைப்பார்கள். வேறு மாதிரி நினைக்க ஒரு காரணமும் கிடையாது.

நான் உள்ளே நுழைந்தபோது மாமியார் கூடத்தில் மெத்தைகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை.

"வாடி கள்ளி! உங்க ரெண்டு பேரையும் அழுத்தமான ஆளுங்கன்னு நினைச்சேன், இவ்வளவு அழுத்தமா? கேளு, நடுவுலவனுக்குப் போன் போட்டுட்டேன். ஓஷ் ஊர்ல வாடகை வீட்ல கிடந்து லோல்படறான். இந்த வீட்டை எடுத்துக்கோடான்னு சொல்லிட்டேன். போன்லயே அழுதுட்டான், பாவம்."

நான் டீ ஊற்றினேன். அப்போது எனக்கு வந்தது பயம் இல்லை, ஆத்திரம். வேகக்காரி மேல், வெனேரா அக்கா மேல், எல்லாவற்றுக்கும் மேலாக, உருளைக்கிழங்கு அறுவடை முடியட்டும் என்றானே, அவன் மேல்.

7

காலையிலிருந்து முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

முதல் முடிவு: எல்லோரும் போகிறோம். மெத்தைகள் லாரியில் ஏறுகின்றன. சமையலறைக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையில் மாமியார் படுத்துக்கொள்கிறார். நான் டீ ஊற்றுகிறேன். ஜன்னல் மட்டும் புதுசு.

(இப்போது சொல்லிவிடுகிறேன். அந்தச் சின்ன அறைக்காகத்தான் எனக்கு அந்த வீடு பிடித்தது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடலாம். சொந்தக்காரர் காட்டிவிட்டு வெளியே போனதும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது.)

இரண்டாம் முடிவு: முன்பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிறோம். வெனேரா அக்கா விதையைத் துப்பிவிட்டு வேறு தம்பதியைக் கூட்டிப்போகிறாள். நான் ஆர்ச்சா-பெஷிக்கில் நல்ல மருமகள் என்ற பெயரோடு

(மேலே எழுதப் பிடிக்கவில்லை.)

மூன்றாம் முடிவு: ஒன்றும் சொல்லாமல் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். திரும்பி வந்து சொல்கிறோம். மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

மூன்றையும் சிர்காக்கிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"மூணுலயும் எங்கம்மா ஒரு வார்த்தை பேசலியே."

"அதனால என்ன?"

"எங்கம்மாவா? நடுரோட்டுல ட்ராலிபஸ்ஸை நிறுத்தி, குடிகாரனைக் காலரைப் பிடிச்சு இறக்கிவிட்ட பொம்பளை அது. சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுக்குமா? ஏதோ ஆட்டுக்குட்டியை எழுதி வச்சிருக்க."

"சரி, நீ போய்ப் பேசு. என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வா, எழுதறேன்."

"நாளைக்குப் பேசலாமே, கையெழுத்து முடிஞ்..."

அவன் முடிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். வீரம் என்று நினைக்காதீர்கள். கதை நகரவில்லை, அந்தப் பாத்திரத்திடம் போய்க் கேட்காமல் இனி அது நகராது. நோட்டைத் திறந்தபடியே மேஜையில் விட்டுவிட்டுப் போனேன்.

8

கூடத்தில் மாமியார் ஒரு கட்டு மெத்தை மேல் முழங்காலை ஊன்றிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

"இந்த முனையைப் பிடிடி. பாத்துட்டு நிக்கறா."

பிடித்தேன். பிடித்துக்கொண்டே சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"அத்தை, அந்த வீட்டுக்கு நானும் உங்க பிள்ளையும் மட்டும்தான் போறோம்."

அவர் முடிச்சைப் போட்டு முடித்தார். இறுக்கினார். அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"நான் சுயுன்ச்சு குடுத்துட்டேன்."

"தெரியும்."

"இந்த வீட்டை நடுவுலவனுக்குக் குடுத்துட்டேன்."

"அவங்க வரட்டும். நீங்க தனியா இருக்கவேண்டாம். பேரப்பிள்ளைங்களும் கூட இருப்பாங்க. நாங்க வாரா வாரம் வருவோம்."

"நடுவுலவன் வீட்ல நான் விருந்தாளிடி. அவன் பொண்டாட்டி என்னை மேல் வரிசையில உட்கார வச்சு மரியாதை பண்ணுவா. அந்த மரியாதை யாருக்கு வேணும்? சின்னவன் வீட்லதான் நான் வீட்டுக்காரி."

இந்தப் பதிலை நான் எழுதியிருக்கவே மாட்டேன். எனக்குத் தோன்றியே இருக்காது. அது நியாயம். நியாயம் என்று தெரிந்ததும் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"அப்போ நான் எந்த வீட்ல வீட்டுக்காரி, அத்தை?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அடிப்பார் என்றுகூட நினைத்தேன்.

"உன் நேரம் வரும். என் மாமியார் இருந்தவரைக்கும் இந்த அடுப்புல என்ன சமைக்கணும்னு நான் சொன்னதில்ல. அவங்க போன அப்புறம்தான் எல்லாம் என் கைக்கு வந்துச்சு. நானும் காத்துக்கிட்டுதான் இருந்தேன். எல்லாரும் காத்துக்கிட்டுதான் இருக்கோம்."

"நான் காத்திருக்கமாட்டேன்."

"ஏன், நீ என்ன ஆகாசத்துலேருந்து குதிச்சவளா?"

"எதுக்குக் காத்திருக்கச் சொல்றீங்கன்னு யோசிச்சுப் பாருங்க, அத்தை. நீங்க சாகறதுக்கு. தினமும் உங்களுக்கு டீ ஊத்திக்கிட்டே அதுக்குக் காத்திருக்கச் சொல்றீங்க. என்னால ஆகாது. நீங்க நூறு வயசு வரைக்கும் இருக்கணும், அதுல எனக்கு ஒரு மனக்குறையும் வரக்கூடாது. அதுக்குத்தான் போறேன்."

சொல்லிவிட்டேன்.

மாமியார் கயிற்று முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினார். பிறகு என்னைத் தாண்டி வாசற்பக்கம் பார்த்தார். சிர்காக் நிலைப்படியில் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியாது.

"என்னடா சின்னவனே, இவ சொல்றது உன் பேச்சா, இவ பேச்சா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

சிர்காக் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தான். கூடத்து ஜன்னலுக்குப் போய் அதன் சட்டத்தில் விரலை ஓட்ட ஆரம்பித்தான்.

"கேக்கறேன் இல்ல?" என்றார் மாமியார்.

"நானும்தான் கேக்கறேன்" என்றேன்.

அதுவரை எதிரெதிரே நின்றவர்கள் நாங்கள் இருவரும். அந்த ஒரு விஷயத்தில் ஒரே பக்கம் நின்று, அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

9

சமையலறை மேஜைக்குத் திரும்பிவிட்டேன். இன்னும் அவன் பதில் சொல்லவில்லை. ஆடு பார்க்கப் போகிறேன் என்று கொட்டகைக்குப் போனான். எங்களிடம் இருப்பது ஒரே ஆடு. அதை இவ்வளவு நேரம் என்ன பார்க்கிறான் என்று தெரியவில்லை.

கல்யாணமானவர்கள் வீடு வாங்கினால் இரண்டு பேரும் நோட்டரி முன்னால் ஒப்புக்கொள்ளவேண்டும். ஒருவர் வராவிட்டால் ஒன்றும் நடக்காது. ஆகவே இந்தக் கதையின் முடிவை என்னால் எழுதமுடியாது. கதாசிரியை நான்தான், பேனாவும் என்னுடையதுதான், ஆனாலும் பாதி முடிவு ஆட்டுக்கொட்டகையில் நிற்கிறது. அவனுக்காக நான் ஒரு வசனம் எழுதிவிடலாம். அழகாக எழுத எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். அவனுக்குப் பதிலாக நான் பேசிப் பேசித்தான் ஆறு வருஷம் போயிற்று.

உங்களுக்கு ஒரு முடிவு வேண்டுமென்றால் நீங்களே அவனைப் பேசவையுங்கள். நீங்கள் கடைக்குட்டியாகப் பிறந்திருந்தால் இன்னும் நல்லது. கடைக்குட்டிக்கு வாழ்க்கைப்பட்டவளாக இருந்தால் நீங்கள் ஏற்கெனவே எழுத ஆரம்பித்திருப்பீர்கள்.

கதையை இங்கேயே நிறுத்தலாம் என்றிருந்தேன். இப்போதுதான் மாமியார் சமையலறைக்கு வந்தார். தானே கெட்டிலை எடுத்தார், தானே டீ ஊற்றிக்கொண்டார். எனக்கும் ஒரு கோப்பை, நிறைய. நோட்டைப் பார்த்தார். மளிகைச் சாமானா என்று கேட்கவில்லை.

"நாளைக்கு எத்தனை மணிக்குடி?"

"ஒன்பது மணிக்கு, அத்தை."

"எனக்கும் அலாரம் வை."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. தடுக்க வருகிறாரா, பார்க்க வருகிறாரா, பிள்ளையைக் காலரைப் பிடித்து இழுத்து வருகிறாரா, அதுவும் உங்கள் பாடு.

என் பங்கு மட்டும் உங்களிடம் விடப்போவதில்லை. அதை நானே எழுதிவிடுகிறேன்: அலாரத்தை எட்டுக்கு வைத்தேன். நீலக் கோட்டை எடுத்து நாற்காலியில் போட்டாயிற்று. யார் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்பது மணிக்கு நான் அங்கே இருப்பேன்.